இடம் மாறும் வட்டுகள்: ரெய்டு தன் அடையாளத்தைத் தானே சுமக்கத் தொடங்கிய வரலாறு

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரையில்தான் ரெய்டு என்ற பெயர் உலகுக்கு அறிமுகமானது. 7,500 மெகாபைட் கொள்ளும் ஐபிஎம் 3380 என்ற பெருவட்டுக்குப் பதிலாக, 100 மெகாபைட் கொள்ளும் கானர் சிபி3100 போன்ற மலிவான சிறுவட்டுகளை அணிசேர்க்கலாம் என்றார்கள். சிறுவட்டு ஒன்று சராசரியாக 30,000 மணி நேரம் தாங்கும். நூறு வட்டுகள் சேர்ந்தாலோ, சராசரியாக 300 மணி நேரத்தில், அதாவது இரண்டு வாரம் முடிவதற்குள், ஏதோ ஒன்று பழுதாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அதனால்தான் பாரிட்டி போன்ற மிகைத் தகவலை அணியின் அங்கமாக்கினார்கள்.

அந்தக் கட்டுரையின் கவலை வட்டு பழுதாவது பற்றியது. வட்டுகள் எல்லாம் நலமாக இருந்து, அவற்றைப் படிக்கும் இயங்குதளம் மாறினால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் அடுத்த முப்பது ஆண்டுகளின் வரலாறு.

விண்டோஸ் என்.டி. 4.0 இதன் தொடக்ககாலச் சிக்கலை நன்றாகக் காட்டுகிறது. எந்த வட்டு எந்த அணியில் எத்தனையாவது என்ற விவரத்தை அது தன் ரெஜிஸ்ட்ரியில் வைத்திருந்தது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் அந்த விவரமும் போயிற்று. எனவே நிர்வாகிகள் அதை முன்கூட்டியே ஒரு ஃபிளாப்பியில் சேமித்து வைக்க வேண்டியிருந்தது. 2000இல் வந்த விண்டோஸ் 2000, டைனமிக் டிஸ்க் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வட்டின் கடைசி 1 மெகாபைட்டில் அணியின் விவரத்தை எழுதியது. வேறொரு கணினியில் செருகினால் அது ‘அயல் வட்டு’ என்று தெரியும், இறக்குமதி செய்துகொள்ளலாம். ஆனால் என்.டி. காலத்து அணிகளை 2001இல் வந்த எக்ஸ்பி கைவிட்டது. அவற்றைத் தற்காலிகமாகத் திறந்து கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்க எஃப்டிஆன்லைன் என்ற துணைக்கருவி மட்டுமே இருந்தது. மேம்படுத்துவதற்கு முன்பே காப்பு நகல் எடுத்தவர்கள் பிழைத்தார்கள்.

லினக்ஸும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடந்தது. பழைய ரெய்டுடூல்ஸ், ரெய்டுடாப் என்ற உள்ளமைவுக் கோப்பை நம்பியிருந்தது. அதில் வட்டுகள் சாதனப் பெயர்களால் குறிக்கப்பட்டன. கேபிளை மாற்றினாலோ கர்னலைப் புதுப்பித்தாலோ அந்தப் பெயர்கள் இடம் மாறக்கூடியவை. ஆஸ்திரேலியாவின் நீல் பிரவுன் 2001இல் எழுதத் தொடங்கிய எம்டிஅட்ம் கருவியோ, அணியின் விவரத்தை வட்டிலேயே தாங்கும் சூப்பர்பிளாக்கைப் படித்து, அதில் பொறித்த தனி அடையாள எண்ணைக் கொண்டே அணியைச் சேர்த்தது. நிர்வாகிகளின் பெருஞ்சுமையைக் குறைத்த மாற்றம் இது.

அதன் பிறகும் இடறல்கள் இருந்தன. 0.90 வகை சூப்பர்பிளாக், எழுதிய கணினியின் பைட் வரிசையிலேயே எழுதப்பட்டது. ஸ்பார்க் கணினியில் உருவான அணியை இன்டெல் கணினிக்குக் கொண்டுபோனால், வரிசையைத் திருத்தச் சொல்லித் தனியாகக் கட்டளையிட வேண்டும். பின்னர் வந்த 1.x வகை அந்தச் சிக்கலை நீக்கியதோடு, அணி எந்தக் கணினிக்குரியது என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டது. ஒரே சர்வரில் md0 என்ற பெயருள்ள இரண்டு அணிகள் மோதாமலிருக்க இது பெரிய உதவி. இடம்பெயர்ந்த அணி திடீரென்று md127 என்று தலைகாட்டுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

வட்டைக் கழற்றாமலே தகவலை நகர்த்தும் வழி இன்னொரு பக்கம் வளர்ந்தது. ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க், மாறிய பகுதிகளை மட்டுமே வலையில் அனுப்பியது. அது கோப்புகளை மட்டும் பார்ப்பதால், இரு முனையிலும் ரெய்டு எந்த வகை என்பது அதற்குப் பொருட்டே இல்லை. சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் குழு உருவாக்கிய இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இரண்டு வழிகளையும் ஒன்றாக்கியது: வட்டுகளை ஏற்றுமதி, இறக்குமதி செய்யலாம், ஸ்னாப்ஷாட்டை வலைவழியே அனுப்பலாம், பைட் வரிசை வேறுபட்டாலும் படித்துக்கொள்ளும். ஆனால் அதன் வட்டுத் தொகுப்பின் பதிப்பை உயர்த்தினால் திரும்ப முடியாது. பழைய இயங்குதளத்துக்குத் திரும்பும் எண்ணம் சிறிதும் இருந்தால், அந்தப் பதிப்புயர்வைத் தள்ளிப்போடுவதே சரி.

அடையாளம் வட்டுக்கு வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று தோன்றிய வேளையில் ஒரு பழைய பிழை வெளிப்பட்டது. 2014இல் வந்த லினக்ஸ் 3.14, அளவு வேறுபட்ட வட்டுகளைக் கொண்ட ரெய்டு-0 அணியில் தகவல் அடுக்கும் முறையைத் தவறுதலாக மாற்றியிருந்தது. பழைய கர்னல் எழுதியதைப் புதியது வேறிடத்தில் தேடியது. 2019இல் வந்த 5.4, எந்த முறை என்று சொல்லும் வரை அத்தகைய அணியைத் திறக்க மறுத்தது. அந்த அடுக்குமுறையைச் சூப்பர்பிளாக்கிலேயே பதிக்கவும் வழி செய்தார்கள். ஆனால் முன்பே இருந்த அணிகளில் எந்தக் கர்னல் எழுதியது என்பதற்குத் தடயமில்லை. நிர்வாகிதான் சொல்ல வேண்டும். இரண்டு காலத்துக் கர்னல்களும் மாறிமாறி எழுதியிருந்தால் எந்த முறையைச் சொன்னாலும் ஒரு பகுதி பிழையாகவே வரும். அதை மீட்க, வேறொரு கணினியில் எடுத்துவைத்த நகல்தான் வேண்டும்.