சோலெக்ஸ் கார்ப்பரேட்டரும் கொஞ்சம் ஈயமும்

திருக்கனூர் வீட்டில் ஒரு பத்மினி நிற்கிறது. 1983 மாடல், தாத்தா 1989-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெண்ணழைப்பு, பிரசவ வலி, லிங்காரெட்டிப்பாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்புப் பணம் கேட்டு நடந்த நடை என்று ஊரில் பாதிப் பேருக்கு ஓடின வண்டி.

போன மாசம் லீவில் போனப்போ அப்பா முடிவே பண்ணியிருந்தார். "எடைக்குப் போட்டுடலாம்டா." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பதினைந்து வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆச்சு. 2025-ல் இருபது வருஷம் தாண்டினதுக்கு 10,000. அதைக் கட்டினாலும் வண்டி ஓடணுமே? ஸ்டார்ட் ஆகும், ரெண்டு தடவை இருமும், அணைஞ்சுடும்.

"ரெண்டு நாள் டைம் கொடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு கார்ப்பரேட்டரைக் கழற்றினேன். பொட்டி தட்டுறவனுக்கு இது தேவையா என்று அம்மா கேட்டது தனிக்கதை. துணைக்கு ஒரு பெரியவர். அந்தக் காலத்தில் இந்த வண்டிக்கு வேலை பார்த்தவர். இப்போ கண் சரியாகத் தெரியாது, திண்ணையில் உட்கார்ந்து வாயால் மட்டும் வேலை செய்வார் :-)

கார்ப்பரேட்டர் செய்வது ஒரே வேலைதான். இன்ஜின் காற்றை இழுக்கும். அந்தக் காற்று ஒரு குறுகின கழுத்து வழியாகப் போகும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். குறைந்த அழுத்தம் பக்கத்து ஓட்டையிலிருந்து பெட்ரோலைத் தூவலாக உறிஞ்சும். கரண்ட் இல்லை, சென்சார் இல்லை. 1886-ல் கார்ல் பென்ஸ் செய்த வண்டியில் இந்தத் தூவல்கூட கிடையாது. தொட்டியில் இருக்கிற எரிபொருள் ஆவியாகிக் காற்றோடு கலக்கணும், அவ்வளவுதான். 1888-ல் அவர் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமலே பிள்ளைகளோடு அதை ஓட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தூவுகிற கார்ப்பரேட்டரை வில்ஹெல்ம் மேபாக் 1893-ல் கொண்டுவந்தார். அதே வருஷம் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்று ரெண்டு பேரும் காப்புரிமை வாங்கினார்கள்.

நம்ம பத்மினியில் இருப்பது சோலெக்ஸ். கூடார், மெனெசோன் என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள் நடத்தின கம்பெனியின் பெயர் அது. பிரெஞ்சுக்காரன் 1954-லேயே மண்ணாடிப்பட்டை விட்டுப் போயாச்சு, அவன் கார்ப்பரேட்டர் மட்டும் எங்க வாசலில் நிற்கிறது. ஆனால் அது வந்தது பாரிஸிலிருந்து இல்லை, மெட்ராஸிலிருந்து!

1953-ல் டாரிஃப் கமிஷன் அறிக்கை வந்தது. பாகங்களைக் கப்பலில் இறக்கிப் பூட்டி விற்பது போதாது, இங்கேயே தயாரிக்கும் திட்டம் இருந்தால்தான் அனுமதி என்றது அரசாங்கம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டினார்கள். தங்கியவர்கள் ஒவ்வொரு பாகமாக உள்ளூரில் செய்ய வேண்டியிருந்தது. பம்பாய் பிரீமியர் கம்பெனி 1964-லிருந்து கட்டின ஃபியட் 1100டி-தான் 1974-ல் பத்மினி ஆனது. சோலெக்ஸை லைசென்ஸ் வாங்கிச் செய்தது மெட்ராஸ் கார்ப்பரேட்டர்ஸ் லிமிடெட்.

போட்டி இல்லை, அதனால் மாற்றமும் இல்லை. 1089 சி.சி. இன்ஜின் வருஷக்கணக்காக அப்படியே. காசு கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது பெரிய அநியாயம்தான். ஆனால் இதனாலேயே எங்க பெரியவர் மாதிரி ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கார்ப்பரேட்டரைப் பிரித்துப் பூட்டக் கற்றார்கள். லைசென்ஸ் ராஜ்யத்தைத் திட்டுகிறவர்கள் இந்த ஒரு வரவையும் கணக்கில் எழுதணும் என்பது என் கட்சி.

"ஸ்க்ரூவ மொதல்ல உள்ளாற முறுக்கி எத்தினி சுத்துன்னு எண்ணிக்க தம்பி. ஜெட்டுல கம்பிய உட்டுக் குத்தாத, ஓட்ட பெருசாயிடும்." ரெண்டரைச் சுற்று. எழுதி வைத்தேன். (பெர்தா அம்மா குத்தினது குழாயை, ஜெட்டை இல்லை. கணக்கில் வராது.) அடித்தட்டு வளைந்திருந்தது, இடுக்கில் காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடி மேல் எமரி பேப்பர் விரித்து ஒரு மணி நேரம் தேய்த்தேன்.

மெயின் ஜெட்டில்தான் விஷயம். சோலெக்ஸ் ஜெட்டில் அடித்திருக்கும் நம்பர் ஓட்டையின் அளவு. 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். எங்க ஜெட்டை வெளிச்சத்தில் பார்த்தால், பித்தளைக்கு நடுவில் வெள்ளையாக ஈயம்! ஓட்டையை ஈயப்பற்று வைத்து அடைத்துச் சின்னதாகத் துளைத்திருக்கிறார்கள்.

பெரியவர் விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார். "குவைத் சண்டையப்ப உங்க தாத்தா மைலேஜ் கேட்டாரு. நான்தான் வெச்சேன்." 1990-ல் பெட்ரோல் விலை ஏறினபோது வைத்த பற்று. முப்பத்தஞ்சு வருஷமாக வண்டி அரை வயிற்றுக் கஞ்சியில் ஓடியிருக்கிறது.

கார்ப்பரேட்டரின் கதை முடிந்ததும் இந்த அளவுப் பிரச்சினையில்தான். 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. அது ஒழுங்காக வேலை செய்ய ஒரு பங்கு பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட 14.7 பங்கு காற்று என்று விடாமல் பிடிக்கணும். ஈயப்பற்று வைத்துச் சரிபண்ணுகிற கருவிக்கு அது கைவராது. 2000-க்குப் பிறகு புதுக் கார்களில் கம்ப்யூட்டரும் இன்ஜெக்டரும் வந்துவிட்டன. அதாவது நம்ம ஆட்கள் எழுதின கோடு. அதைத் திண்ணையில் வைத்துத் திறக்க முடியாது.

கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி. பம்ப் டயாஃப்ரம் உப்பிப்போய் இருந்தது. பெரியவருக்கு இது புதுசு, "அந்தக் காலத்துல இப்பிடி ஆவாதே" என்றார். எத்தனால். 2003-ல் 5% என்று தொடங்கின கலப்பு 2025-ல் 20% ஆகிவிட்டது. பழைய ரப்பருக்கு அது ஆகாது, தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும், உலோகம் அரிக்கும். எத்தனாலில் கணிசமான பங்கு கரும்பிலிருந்து வருவது. எங்க ஊர் கரும்பைத் தின்ற ஆலை நின்று வருஷங்கள் ஆச்சு, கரும்பு மட்டும் பங்க் வழியாக வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது.

எத்தனால் தாங்குகிற ரப்பரில் டயாஃப்ரமும் ஊசி வால்வும், ஒரிஜினல் அளவில் ஜெட்டும் வரவழைத்தேன். மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். ரெண்டு நாள் ஆறு நாளானது. மூணாவது செல்ஃபில் பிடித்தது. மண்ணாடிப்பட்டு வரைக்கும் போய்த் திரும்பினோம், இருமல் இல்லை. பெரியவர் முன் சீட்டில்.

அப்பா பின்னால் உட்கார்ந்து ஒரே கேள்விதான் கேட்டார். "லிட்டருக்கு எவ்ளோடா குடுக்கும்?"

பெரியவர் என்னைப் பார்த்தார். அந்த ஈயம் வைத்த ஜெட் என் சட்டைப் பையில்தான் இருந்தது.