காட்சிவழி வலைத்தள வடிவமைப்பில் செயற்கை நுண்ணறிவு உதவி

நிரல் எழுதாமல், திரையில் படம், எழுத்து, பொத்தான் ஆகியவற்றை இழுத்து வைத்து வலைத்தளம் அமைக்கும் மென்பொருளோடு, கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை. காட்சிவழி வடிவமைப்பு பழையது. ட்ரீம்வீவர் என்ற மென்பொருள் 1997இலேயே வந்துவிட்டது. விக்ஸ் என்ற தள அமைப்பு நிறுவனம் 2016இல், சில கேள்விகளுக்கான பதில்களைக் கொண்டு தளத்தையே அமைத்துத் தரும் வசதியை வெளியிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இம்முறை பரவலானது. தமிழ்நாட்டு நிறுவனமான ஸோகோவிடமும் ஸோகோ சைட்ஸ் என்ற தள அமைப்பியும் ஸியா என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரும் உண்டு.

தமிழில் சிக்கல் வேறு. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் ‘தொடர்புகொள்ளவும்’ அடங்காது. வரி இடைவெளி குறைந்தால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றாமல் ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். இடைவெளியைச் சரிசெய்யும் நிரல் வரிகளை உதவியாளரிடம் கேட்டு வாங்கலாம். பார்த்துச் சரி சொல்வது மனிதக் கண்ணே.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் கமிஷன் மண்டி ஒன்று தளம் தொடங்குவதாகக் கொள்வோம். அறிமுகப் பக்கத்தையும் விசாரணைப் படிவத்தையும் உதவியாளர் நொடியில் தந்துவிடும். இன்றைய முருங்கை விலையைக் கேட்டால், சந்தைத் தரவு கையில் இல்லாமலே ஓர் எண்ணைச் சொல்லிவிடவும் கூடும். விலைப்பட்டியலை மண்டிக் கணக்கரே நிரப்ப வேண்டும். சரக்கு பெருமளவில் கேரளத்துக்குப் போவதால் மலையாளப் பக்கமும் தேவைப்படும். உதவியாளர் தருவதை வரைவாகக் கொண்டு, மலையாளம் அறிந்தவரிடம் காட்டியபின் வெளியிடுவது நல்லது.