முன்கோபத்துக்கு மருந்து தேடிய காலம்

ஒருவரைச் சிடுமூஞ்சி என்று சொல்லிவிட்டால், அது அவருடைய பிறவிக் குணம், மாறாது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஐரோப்பிய மருத்துவம் நெடுங்காலம் முன்கோபத்தை அப்படிப் பார்க்கவில்லை. ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் 'மனிதனின் இயல்பு' என்ற பழைய கிரேக்க நூல், உடலில் இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கும் இருப்பதாகவும், கோடையில் மஞ்சள் பித்தம் மிகும் என்றும் சொன்னது. சூடும் வறட்சியும் கொண்ட அந்தப் பித்தம் ஏறியவரே சட்டென்று சினப்பவர் என்பது பின்வந்த மருத்துவர்களின் கணிப்பு. முன்கோபியைக் குறிக்கும் 'காலரிக்' என்ற ஆங்கிலச் சொல், பித்தத்தைக் குறிக்கும் 'கோலே' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது.

பருவத்தோடும் வயதோடும் உணவோடும் பித்தம் ஏறி இறங்கும் என்றால், கோபமும் ஏறி இறங்கும். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், மனத்தின் இயல்பு உடலின் கலவையைப் பொறுத்தது என்று தனி நூலே எழுதினார். உணவைத் திருத்தினால் குணமும் திருந்தும் என்பது அவர் வாதம். இந்த எண்ணம் மருத்துவர்களோடு நின்றுவிடவில்லை. 1590களில் ஷேக்ஸ்பியர் எழுதிய 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்தில், கணவன் பெட்ரூசியோ ஆட்டிறைச்சி கருகிவிட்டது, தின்றால் பித்தம் ஏறிக் கோபம் வரும் என்று சொல்லித் தட்டைத் தூக்கி எறிகிறான். பசியோடிருக்கும் மனைவியைப் பட்டினி போடுவதே அவன் நோக்கம். ஆனாலும் அந்தச் சாக்கு லண்டன் பார்வையாளர்களுக்கு எளிதில் புரிந்திருக்கும்.

பித்தக் கொள்கையே பொய்தானே என்று கேட்கலாம். பொய்தான். பித்தநீர் கல்லீரலில் சுரந்து கொழுப்பு செரிக்க உதவுகிறது, கோபத்தை உண்டாக்குவதில்லை. கரும்பித்தம் என்று ஒன்று உடலிலேயே இல்லை. இந்தக் கொள்கையை நம்பி இரத்தம் வடித்ததில் நோயாளிகள் பட்ட துன்பமும் கொஞ்சமல்ல. பழியை உடல்மேல் போட்டால் கோபக்காரர் தப்பித்துக்கொள்வாரே என்பது அடுத்த கேள்வி. அதற்குக் கேலனே பதில் வைத்திருக்கிறார். கிரீட் தீவைச் சேர்ந்த அவருடைய நண்பர் ஒருவர், பயணத்தில் இரண்டு அடிமைகளை உறையோடிருந்த வாளால் தலையில் அடித்துப் படுகாயப்படுத்தினார். பிறகு தன்னைச் சவுக்கால் அடிக்கும்படி கேலனிடமே மன்றாடினார். கேலன் அடிக்க மறுத்து, சினத்தை அடக்கப் பழகும் வழியை எடுத்துச் சொன்னார். உடலைக் காரணம் காட்டிய அதே மருத்துவர், பொறுப்பிலிருந்து எவரையும் விடுவிக்கவில்லை.

முன்கோபி என்ற முத்திரை மாறாத ஒன்றாக இறுகியது பிறகுதான். கேலன் உடலின் கலவைகளை ஒன்பதாக வகுத்தார். சமநிலை ஒன்று, பிறழ்ந்தவை எட்டு. 1798இல் மானுடவியல் நூல் வெளியிட்ட ஜெர்மன் தத்துவஞானி கான்ட், நான்கே குணவகைகள், அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை என்றார். உடலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டிய சொல், ஆளையே வகைப்படுத்தும் சொல்லாக மாறியது. பழைய மருத்துவத்தின் விடைகளைக் கைவிட்டது சரிதான். ஆனால் எரிந்து விழுபவரைப் பார்த்து, என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், என்ன வயது, என்ன பருவம் என்று அது கேட்ட கேள்விகளையும் சேர்த்துக் கைவிட்டது நமக்குத்தான் இழப்பு. அந்தக் கேள்விகளைக் கேட்பவர் ஒருவரைச் சிடுமூஞ்சி என்று எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்.