காட்மாண்டுவின் சஃபா டெம்போ

காட்மாண்டு மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. எழும் புகை எளிதில் வெளியேறாது. 1990-களின் தொடக்கத்தில் அங்கே புகைக்குப் பேர்போனது விக்ரம் டெம்போ என்னும் டீசல் மூன்று சக்கர வண்டி. 1993-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அத்தகைய வண்டியின் டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டாரைப் பொருத்திப் பார்த்தது. சஃபா டெம்போ அப்படித்தான் பிறந்தது. சில ஆண்டுகளில் உள்ளூர் முதலீட்டாளர்கள் வண்டிகளைக் கட்டவும் ஓட்டவும் முன்வந்தனர்.

எதிரெதிர் பலகைகளில் சுமார் பத்துப் பேர் நெருக்கி உட்காரலாம். இருக்கைக்கு அடியில் கனமான ஈய-அமில பேட்டரிகள். ஒரு சார்ஜில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான் ஓடும்; நாள் முழுவதற்கும் அது போதாது. எனவே நண்பகலில் சார்ஜிங் நிலையத்தில் தீர்ந்த பேட்டரிகளை இறக்கிவிட்டு, சார்ஜ் ஏறிய மற்றொரு தொகுதியை ஏற்றிக்கொள்வார்கள். பேட்டரி மாற்றும் முறை இன்று புதுமையாகப் பேசப்படுகிறது. காட்மாண்டுவில் அது அன்றாட வேலையாக இருந்தது.

1999-இல் அரசு விக்ரம் டெம்போக்களைப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றியது. மின்வண்டிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. பெண்கள் பலர் ஓட்டுநர் இருக்கைக்கு வந்ததும் இவற்றால்தான். ஆனால் விக்ரம் உரிமையாளர்களுக்கு இழப்பீடாக, மைக்ரோபஸ் இறக்குமதிக்கு அரசே வரிச்சலுகை தந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்த கொள்கை இது. வேகமான போட்டியாளர்கள் வந்தார்கள். பேட்டரிச் செலவும் மின்வெட்டும் சேர்ந்து வளர்ச்சியை முடக்கின. பின்னர் லித்தியம் பேட்டரி பொருத்தியவை மட்டும் மதிய மாற்றத்திலிருந்து விடுபட்டன.