மாம்பலத்து ஏரியும் வீட்டுச் சுவர்களும்

எங்கள் போச்சம்பள்ளிப் பக்கம் வீடு கட்ட வானம் தோண்டினால் பல இடங்களில் கடப்பாறை விரைவிலேயே பாறையில் முட்டிவிடும். (கடைக்காலுக்குப் பள்ளம் எடுப்பதைக் கொத்தனார் தமிழ் ‘வானம் தோண்டுதல்’ என்கிறது, மண்ணுக்குள் இறங்குவதற்கு இப்படியொரு பெயர்!) கெட்டி நிலத்தில் குடியிருந்து பழகிய நமக்குச் சென்னைத் தியாகராய நகரின் பழைய வீடுகளில் ஓடும் விரிசல்கள் எளிதில் விளங்குவதில்லை. விளங்க வேண்டுமாயின் 1923க்குச் செல்ல வேண்டும்.

‘லாங் டேங்க்’ என ஆங்கிலேயர் அழைத்த நெடிய ஏரி அன்று நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை கிடந்தது. பனகல் அரசர் முதன்மை அமைச்சராயிருந்த நீதிக்கட்சி ஆட்சியில் அதன் மாம்பலப் பகுதியை வடித்து மனை பிரித்தார்கள். நகருக்குப் பிட்டி தியாகராயரின் பெயர், பூங்காவுக்குப் பனகல் அரசரின் பெயர். ஏரிக்கு எஞ்சியது மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலை போன்ற சில தெருப்பெயர்களே.

நீர் போயிற்று, ஏரிக்களி தங்கிவிட்டது. களி மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். வீட்டின் நடுவில் ஈரம் காக்கப்பட, வெளிச்சுவரோரம் காய்ந்து இறங்கும். ஆழமற்ற கடைக்கால் இதைத் தாங்காது. சன்னல் மூலையிலிருந்து படிபடியாக விரிசல் ஏறும். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். சிமெண்ட் வைத்து அடைத்தாலோ பக்கத்திலேயே பிளக்கும். இத்தகைய மண்ணுக்கென அடி அகன்ற தூண் கடைக்காலை வளர்த்தெடுத்த ரூர்க்கி மத்திய கட்டட ஆய்வு நிறுவனமே 1947இல்தான் பிறந்தது.

வீடு மூப்படைந்தது, இடித்துவிடுங்கள் என்பாரிடம் ஒன்று கேட்கலாம்: கோடையில் விரியும் அவ்விரிசல் ஐப்பசி மழைக்குப் பின் ஒடுங்குகிறதா? ஒடுங்குமாயின் முதலில் பார்க்க வேண்டியது சுவரையன்று, மண்ணை.