பிரிக்பீல்ட்ஸ் தாத்தா சொன்ன ரயில் கதை

'என்ன வேலைக்குப் போகலாம்?' என்று ஒரு பெரியவரிடம் கேட்டு எழுதி வரும்படி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சொன்னோம். வழிகாட்டியாக வந்தவர் பிரிக்பீல்ட்சில் வாழும் ரயில்வே தாத்தா ஒருவர்.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890-இல் ஆற்றுப் பாலம் முடிந்து கிள்ளானுக்கே வந்தது. தண்டவாளத்தில் உழைத்தவர்களில் தமிழகத்துத் தொழிலாளர்கள் ஏராளம். கணக்கெழுதும் நாற்காலியோ பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்து வந்தவர்களுக்குக் கிடைத்தது.

"ஏன் தாத்தா, நம்ம ஆளுங்களுக்குப் புத்தி இல்லையா?" என்றாள் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி.

"புத்திக்கென்னம்மா குறை? படிக்க வழியில்லே!"

உண்மைதான். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். வைத்தார்கள், பல இடங்களில் ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார். சில இடங்களில் கிராணியே வாத்தியார்!

செந்தூல் ரயில் பட்டறையில் தாத்தாவுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த மூத்த ஃபிட்டருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதாம். இதைச் சொல்லும்போது தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளையின் நோட்டில் 'கிளார்க்' என்பதை அடித்துவிட்டு 'ரயில் ஓட்டுவேன்' என்று எழுதியிருந்தது. அவள் அம்மா அதைக் காட்டி, "பொம்பளப் பிள்ள ஓட்டலாமா சார்?" என்று கேட்டார். "ஏன் ஓட்டக்கூடாது? அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று தாத்தாவையே கேட்போம், வாங்கம்மா" என்றேன்.