தைப்பானைப் பிடித்த இருபது வயசுக்காரர்

ஆஸ்திரேலியாவில் 'புஷ்' என்று சொல்லப்படும் காட்டுப்புறங்களில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் பாம்புக்கடிக்குப் பார்த்த வைத்தியத்தைப் படித்தால், பாம்பே தேவலை என்று தோன்றும் நண்பர்களே! கடிவாயைக் கத்தியால் கீறினார்கள். 1868-இல் ஹால்ஃபோர்டு என்ற பேராசிரியர் அம்மோனியாவை ரத்தக்குழாயில் ஏற்றச் சொன்னார். பிறகு இன்னொரு டாக்டர் ஸ்ட்ரிக்னைன் ஊசி போட்டார். அதுவே கொடிய விஷம்!

உருப்படியான மருந்து 1930-இல்தான் வந்தது, அதுவும் டைகர் பாம்புக்கு. குயின்ஸ்லாந்து கரும்புத் தோட்டங்களில் எலி தேடித் திரிந்த தைப்பானுக்கு ஒன்றுமில்லை. மருந்து செய்ய விஷம் வேண்டும், விஷத்துக்கு உயிரோடு பாம்பு வேண்டும். யார் பிடிப்பது?

1950 ஜூலையில் கெவின் பட்டன் என்ற 20 வயது இளைஞர் கெய்ர்ன்ஸில் ஒரு தைப்பானைக் கையாலேயே பிடித்தார். (நம்மில் பலருக்கும் அதே வயசுதான்...) பிடித்த பிடியை விடாமல் ஒரு லாரியில் ஏறி, விஷயம் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். பைக்குள் விடும்போது கடித்துவிட்டது. அப்போதும் பாம்பைக் கொல்லாதீர்கள், ஆராய்ச்சிக்கு அனுப்புங்கள் என்றுதான் கேட்டுக்கொண்டார். மறுநாள் இறந்துபோனார்.

பாம்பு மெல்போர்ன் போய்ச் சேர்ந்தது. டேவிட் ஃப்ளே அதன் விஷத்தைக் கறந்தார். 1955-இல் தைப்பானுக்கு மருந்து தயாரானது. அந்த வருடமே கெய்ர்ன்ஸில் கடிபட்ட ஒரு 10 வயதுப் பையன் அந்த மருந்தால் பிழைத்தான்.